எழுபத்தொன்று

டெல்லியின் கடிதம் மாலை ஆறு மணிக்கு வந்தது.
சென்னையின் கடிதம் ஆறே காலுக்கு.
நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மட்டும் என்றது ஒன்று,
மலைக்கிராமங்களில் எல்லோருக்கும் என்றது மற்றது.
இரண்டும் ‘உடனடியாக’ என்று முடிந்தன.

நடுவில் நான்.
சேலம் ஆட்சியர் அலுவலகம், இரண்டாம் மாடி,
கட்டுப்பாட்டு அறையின் இளநிலை உதவியாளர்.
இரண்டு கணினி, மூன்று தொலைபேசி,
மேசைக்கடியில் ஒரு பை மாம்பழம்.
ஊரடங்குக்கு முந்தின நாள் வாங்கியது,
வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் முடியவில்லை.
அந்த வாசம் மூக்கில் ஏறும்வரை
எனக்கு ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஏழு குப்பிகள், ஒரு ஐஸ் பெட்டி, ஒரு பழைய ஜீப்.
அடிவாரத் தடுப்பில் மின்சீட்டு கேட்டார்கள்.
தடுப்பூசிக்கு எதுக்குய்யா மின்சீட்டு என்றார்
ஓட்டுநர் சூசைமாணிக்கம்.
வண்டிக்கு, என்றார்கள்.
எனக்குப் போன் வந்தது. நான் சென்னைக்குப் போட்டேன்.
‘விதி டெல்லியுடையது’ என்றது சென்னை.
டெல்லி எண்ணில் சந்தூர் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.
அதற்குள் ஒரு ஏட்டு கம்பைத் தூக்கி வண்டியை விட்டுவிட்டார்.
அவர் மாமியார் மேலே இருக்கிறாராம்.

இருபது கொண்டை ஊசி வளைவு, பிறகு ஏரி,
பிறகு காப்பித் தோட்டங்களுக்குள் பதினாறு கிலோமீட்டர்.
சில்லாங்காட்டில் சிக்னல் கிடையாது.
செவிலியர் அமலோற்பவம் ஒரு பாறையைக் கண்டுபிடித்தார்.
மேலே ஒருவன் போனோடு நிற்பான்.
டெல்லி அனுப்பும் ஆறு எண்களையும் கத்துவான்:
நாலு! ஒம்போது! சைபர்!
கீழே சென்னையின் படிவத்தை முழங்காலில் வைத்து
அவர் எழுதிக்கொள்வார்.
இரண்டு அரசும் அன்று நேரில் பேசியது
அந்தப் பாறையில்தான்.

சடையன் இரண்டு முறை பதிவானார்.
ஆதாரில் சடையன், ரேஷன் அட்டையில் ஜடையன்,
பிறந்த வருஷமும் வேறு வேறு.
ஒரே கை, ஒரே ஊசி, இரண்டு வாழ்த்துச் செய்தி.

அவர் மனைவி வெள்ளச்சி எதிலுமே இல்லை.
காப்பி பறித்துப் பறித்து விரலில் ரேகை போய்விட்டது.
ரேகை இல்லாததால் ஆதார் இல்லை.
ஆதாரை இணைக்காததால் அட்டையில் பெயர் இல்லை.
ஆக்சிஜனுக்கும் நிதிக்கும்
ஓராண்டாக இவர்கள் மாற்றி மாற்றி எழுதிய கடிதங்களைக்
கோப்பில் கோத்தவள் நான், சொல்கிறேன்:
ஒரு எழுத்துக்கூட முரண்படாமல் இவர்கள் ஒத்துப்போனது
இந்தப் பெண் விஷயத்தில் மட்டும்தான்.

நாலரை மணி. எழுபது பேர் முடிந்தாயிற்று.
அமலோற்பவமே பாறை ஏறிக் கூப்பிட்டார்.
‘மேடம், கடைசிக் குப்பியில இன்னும் அரை மில்லி நிக்குது.
இங்க ஒரு பொம்பளையும் நிக்குது.’

குப்பிக்குப் பத்து என்று இரண்டு கடிதத்திலும் இருக்கிறது.
பதினோராவதைப் பற்றி
டெல்லிக்கும் தெரியாது, சென்னைக்கும் தெரியாது.
‘திறந்து எவ்வளவு நேரமாச்சு?’
‘மூணே முக்கால் மணி நேரம்.’
‘அப்புறம் எதுக்கு எங்கிட்டப் பேசிட்டிருக்கீங்க?’
என்று சொல்லி வைத்தேன்.
கை நடுங்கியது. ஒரு மாம்பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

மறுநாள் காணொலிக் கூட்டம்.
திரையில் ஒரு கட்டத்தில் டெல்லி, ஒரு கட்டத்தில் சென்னை,
மூலையில் தபால்தலை அளவுக்கு நாங்கள்.
செயலியில் எழுபத்தொன்று. ஊசிக் கணக்கில் எழுபத்தொன்று.
வித்தியாசம் இல்லாத ஒரே முகாம் என்று பாராட்டினார்கள்.
எழுபதுக்குத்தானே மருந்து போனது என்று
யாரோ ஒருவர் ஆரம்பித்தார்,
அவர் மைக் அணைந்திருந்தது.

எண்பத்துநாலு நாள் கழித்து
இரண்டாம் தவணைக்கு வரச்சொல்லி
ஜடையன் பெயருக்கும் செய்தி போனது.
அமலோற்பவம் எனக்கொரு போட்டோ அனுப்பினார்.
அதில் ஜடையன்
சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைக் காட்டிக்கொண்டு,
ஊசியைப் பார்க்கப் பயந்து
முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்.