நாலு மில்லிமீட்டர்

ஊருக்குப் பெயர் கருங்கல்.
நாங்கள் வாங்கிய வீட்டின் மாடியறைக்கு மட்டும்
மரப்பட்டைத் தரை.
மருந்துக்குப்பி அடைக்கிற தக்கை இருக்கிறதே,
அதையே பாளம் பாளமாக அறுத்து
ஒட்டி வைத்திருந்தார்கள்.
முப்பது வருட மெழுகு மஞ்சளித்து,
சன்னலோரம் வெளுத்து,
அலமாரி நின்ற இடம் மட்டும்
கருப்பட்டி நிறத்தில் ஒரு சாத்திய கதவு.

"பேத்து எறிஞ்சிட்டு டைல்ஸ் போடு பிள்ளே,
சோலி தீந்துது" என்றார் கொத்தனார் தபசிமுத்து.
டைல்ஸ் விலையையும் அவரே சொன்னார்.
வங்கியில் இன்னும் பதினேழு வருடத் தவணை.
தரை தப்பியது அதனால்தான்,
என் ரசனையால் அல்ல.

ஏழு நாள் லீவு.
உரசும் மெஷின் நாள் வாடகை நானூறு.
ரெஜின் தோகாவிலிருந்து வீடியோவில் வந்து
முக்கால்வாசி நேரம் விட்டத்தையே பார்த்தான்.
போனை நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

எண்பதாம் நம்பர் தாள், பிறகு நூற்றிருபது.
தாள் மாற்றும்போதெல்லாம் ஒரே கணக்கு:
மொத்தக் கனமே நாலு மில்லிமீட்டர்.
ஒன்று போனால் மோசமில்லை.
இரண்டு போனால் பசை எட்டிப்பார்க்கும்.
மூன்று போனால்
தபசிமுத்து சிரிப்பார்.

மூக்குப்பொடி நிறத்தில் தூள்.
பல்லில், இமையில்,
குளித்த பின்னும் காதுமடலில்.
சன்னலுக்கு வெளியே அடுத்தவர் ரப்பர் விளையில்
பட்டை சீவிய மரங்களுக்குப் பால் வடிந்துகொண்டிருந்தது.
இங்கே சீவச் சீவ
ஈரமே இல்லாத தேன்.

கதவோரம் கட்டில்கால் பள்ளம் நாலு.
ஈரத்துணி விரித்து இஸ்திரிப்பெட்டியை வைத்தேன்.
சுர்ரென்று ஆவி.
மூன்று பள்ளம் இட்லிபோல எழும்பிவிட்டது.
நாலாவது கடைசிவரை மசியவில்லை.

வார்னிஷ் வாங்க மார்த்தாண்டம்.
"தக்கைத் தரையா? கருங்கல்லுலயா?"
எப்ரேம் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார்.
"கப்பல் இஞ்சினியர் ஞானசிகாமணிக்க வீடு.
அவருக்க பையனுக்கு வலிப்பு உண்டும்.
நின்ன நிப்புல விழுவான்.
மொசைக்குல ரெண்டு வாட்டி மண்டை பிளந்து தையல்.
அதுக்காக்கும் பெட்டி பெட்டியா
கப்பல்ல கொண்டாந்து ஒட்டினாரு."

பையன் இப்போ?

"கனடாவுல. மாத்திரை தின்னா ஒண்ணுமில்ல.
காரே ஓட்டுதான்."

பளபளப்பு டின் என் கையில் இருந்தது.
அதைத் தட்டில் திரும்ப வைத்தேன்.
"மங்கல் குடுங்க."
"ரேட்டு ஒண்ணுதான். மினுக்கம் இருக்காதே?"
"வழுக்காதுல்லா?"
"வழுக்காது."

எங்கள் வீட்டில் விழுகிற ஆள் யாரும் இல்லை.
வீட்டில் இருப்பதே நான் ஒருத்தி.

காய நாலு மணி நேரம் என்றது டின்.
ஆனி மாதச் சாரல் ஒன்றரை நாள் என்றது.
தொட்ட விரலை விடாமல் பிடித்துக்கொண்ட
இரண்டாம் பூச்சில்
ஒரு கட்டெறும்பு நடு அறைவரை வந்து
யோசிப்பதுபோல நின்றது.
எடுக்கப் போனால் என் தடம் விழும்.
மூன்றாம் பூச்சு அதன் மேலேயே.

கருப்பட்டிக் கதவு
தேய்த்தும் முழுக்கப் போகவில்லை.
இன்னும் அரை மில்லி எடுத்தால் போய்விடும்.
எடுக்கவில்லை.

ஏழாம் நாள் ராத்திரி கரண்டு போயிருந்தது.
எமர்ஜென்சி விளக்கோடு ஏறி
வெறுங்காலில் நடுவே நின்றேன்.
முட்டி மடக்காமல் விழப் பார்த்தேன்.
உடம்பு விடவில்லை;
என்னைக் கேட்காமலே கை முன்னால் போனது.
மறுபடி, கண்ணை மூடி,
கைகளை நைட்டிக்குப் பின்னால் கோர்த்து.

தோள் முதலில் பட்டது.
மணலில் தேங்காய் விழுகிற சத்தம்.
வலித்தது,
யாரிடமும் சொல்கிற அளவுக்கு இல்லை.

எழுந்திருக்கத் தோன்றவில்லை.
கன்னத்துக்குக் கீழே தரை
சுடவில்லை, குளிரவும் இல்லை.
ஒரு சாண் தள்ளிக் கண்ணெதிரே
கட்டெறும்பு, மூன்றாம் பூச்சுக்குள்,
ஒரு முன்னங்காலைத் தூக்கினபடி.

கீழே போன் அடித்தது. ரெஜின்தான்.
நின்றது.
மறுபடி தொடங்கியது.