பதினோரு சொல்

கருமத்தம்பட்டி டாக்டரம்மா கேட்டார்:
பாப்பா எத்தனை சொல் பேசுறா?

சுகந்தாமணி என்னைப் பார்த்தாள்.
நான் விரல் மடக்கினேன்.
ம்மா, ப்பா, தா.
பாலுக்கு இங்கா, தூக்கத்துக்குத் தாச்சி.
பூனை, காக்கா, போ, வேணா, மம்மு.
பத்து.
'டடக்கைச் சேத்தலாமுங்களா?' என்றாள் அவள்.
டடக் என்றால் தறி.
சேர்த்தோம். பதினொன்று.
வயசு ரெண்டே கால்.

முதுகுக்குப் பின்னால் மணியடித்துப் பார்த்தார்.
வர்ணிகா வெடுக்கெனத் திரும்பினாள்.
காது நல்லாத்தான் இருக்கு, வீட்டுல எத்தனை தறி?
நாலுங்க.
தொட்டிலுக்கும் தறிக்கும் நடுவுல?
ஒரு செவுருங்க.

பேசுங்க, என்றார்.
எது செய்தாலும் சொல்லிச் சொல்லிச் செய்யுங்க,
அவ முகத்தைப் பார்த்து.
அவ ஏதாச்சும் காட்டுனா நின்னு பதில் சொல்லுங்க.
இந்த வயசு மூளைக்கு அதுதான் சோறு.

மருந்துச் சீட்டு வருமென்று
இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தோம்.

சோமனூர் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
நாலு தறி ஒரு மணி நேரம் நின்றால்
பதினாலு மீட்டர் காடா போச்சு.
பொழுதோட ஆறிலிருந்து ஏழு.
அப்படியென்றால் மாசத்துக்கு
வேண்டாம், அதை அங்கேயே விட்டேன்.

முதல் நாள் ஆறு மணிக்கு மோட்டாரை அணைத்தேன்.
சத்தம் காதுக்குள் மட்டும்
இன்னும் கொஞ்சம் ஓடி, நின்றது.
அப்புறம்தான் தெரிந்தது
எங்களிடம் பேச ஒன்றுமில்லை என்று.

கல்யாணமாகி ஏழு வருஷம்
கையாலேயே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள்.
ரெண்டு விரல் கத்தரியானால் நூல் அந்துருச்சு,
கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ,
உள்ளங்கை கவிழ்ந்தால் கரண்ட் போச்சு.
நெற்றியில் ஒரு தட்டு
அது எனக்கும் அவளுக்கும் மட்டும்.

வர்ணிகா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
ரெண்டு விரலைக் கத்தரியாக்கி
மூணாந் தறியைக் காட்டினாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
பாவு முழுசாக இருந்தது.
திரும்பி வரும்போதுதான் உறைத்தது
மத்தியானம் அந்தது அது.
முடிச்சுப் போட்டு நான் மறந்துவிட்டேன்.
அவள் வைத்திருந்திருக்கிறாள்,
ஆறு மணி வரைக்கும்.

இதை டாக்டரம்மா கேட்கவில்லை,
நாங்களும் எண்ணவில்லை.

'ஆமா சாமி, அந்துருச்சு.
மத்தியானம் அந்துருச்சு.
அப்பா முடி போட்டேன், பாத்தியல்ல?'
என் குரல் எனக்கே
யாரோ ஒறம்பரை வந்தது மாதிரி இருந்தது.

அடுத்த நாள் வெங்காயம் உரிப்பதை
கபடி மேட்ச்போல் வர்ணனை செய்தேன்.
சின்ன வெங்காயம் பெரிய தோலுக்குள்ளிருந்து
வெளியே பாய்கிறது, பாய்கிறது, இதோ
அம்மா கண்ணில் தண்ணீர்.
சுகந்தாமணி சிரித்த சத்தத்தை
இந்த வீட்டில் முதன்முதலாக
முழுசாகக் கேட்டேன்.
ஒரு நாள் ஒன்றும் தோன்றாமல்
ரேஷன் கார்டை வாசித்துக் காட்டினேன்.
வர்ணிகா அதற்கும் கை தட்டினாள்.

நாற்பதாவது நாளோ என்னவோ
லோகண்ணன் போன் போட்டார்.
ஏனப்பா, மீட்டர் கொறையுதே?
பேசிட்டு இருக்கறமுங்க.
ஆரோட?
போனை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தேன்.
ஒரு சத்தமில்லை.
அவர் வைத்துவிட்டார்.

ரொம்ப நேரம் கழித்து, சோறு பிசையும்போது,
யாரும் கேட்காமலே சொன்னாள்:
நேத்து அந்துச்சு.

நேத்து எதுவும் அறவில்லை.
அவளுக்கு நேத்து என்பது
இதற்கு முந்தி இருக்கும் எல்லாமும்.

மணி ஏழே கால்.
மோட்டார் பக்கம் எழுந்தவனைப் பார்த்து
சுகந்தாமணி நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினாள்.