பத்து நொடி

அன்டோஃபகாஸ்தாவிலிருந்து கலாமாவுக்கு
இரவு ஒன்றரைக்குக் கிளம்பும் அமில லாரி.
ஓட்டுகிறவர் நொல்பெர்த்தோ சோக்கே.
பக்கத்து இருக்கையில் நான்,
அவர் முகத்தைப் பார்க்கும் கேமராவை வடிவமைத்தவள்.

கேமராவின் மேல் ஒரு பிளாஸ்திரி.
தோல் நிறம், நடுவில் பஞ்சு.
"அதுக்குக் காயம், இஞ்சினியரம்மா" என்கிறார்
சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

முப்பத்தேழு வண்டிகள்.
பத்தொன்பதில் பிளாஸ்திரி, நான்கில் சூயிங்கம்,
ஒன்றில் யாருடைய திருமணப் படத்திலோ வெட்டிய பாதி மாப்பிள்ளை.
வாக்குச்சீட்டு இல்லாத தேர்தல்.
நான் தோற்றிருந்தேன்.

முதல் வடிவத்தில் எல்லாவற்றையும் சேமித்தேன்.
வெயிலுக்கு இடுங்கிய கண்ணையெல்லாம்
தூக்கம் என்று எழுதியது என் நிரல்.
ஜூலையில் தம்பி செத்த செய்தி வந்து
ஓட்டிக்கொண்டே இவர் அழுதபோதும்
தூக்கம் என்றே எழுதியது: உயர் நிலை, சிவப்பு.
அலுவலகத்தில் நான்கு பேர் பார்த்தார்கள்.
ஒருவர்
தேநீர் ஊறும்வரை
இரண்டு முறை.

சாலையோரம் குட்டிக் குட்டி வீடுகள்,
நாய்க்கூண்டு அளவு.
உள்ளே மெழுகுவத்தி, தண்ணீர் பாட்டில்,
உடைந்த ஹெட்லைட்டின் துண்டு.
இங்கே விழுந்தவர்களின் ஆன்மாவுக்குக் கட்டியவை.
"நூத்திப் பன்னெண்டு, போகும்போது மட்டும்.
தூக்கம் வந்தா எண்ணுவேன்."
கொஞ்ச தூரம் கழித்து:
"வந்தாத்தான் எண்ணுவேன்னு இல்ல."

அப்புறம் கேட்டார்.
பகலில் நான் படுப்பது இங்கே,
ஜட்டி மாற்றுவது இங்கே,
பெண்டாட்டியோடு போனில் சண்டை போட்டு
சமாதானம் ஆவதும் இங்கேதான்.
உங்க படுக்கையறையில நான் ஒண்ணு மாட்டட்டுமா?
கோபமாகக் கேட்கவில்லை.
மாட்டினால் எந்த மூலையில் என்று
நிஜமாகவே யோசிப்பவர் போலக் கேட்டார்.

குலுங்கும் வண்டியில் எழுதிய குறிப்பு
இன்னும் என்னிடம் இருக்கிறது, கோணல் எழுத்தில்:
சாவியைத் திருப்பினால் மூடி விழ வேண்டும்.
மென்பொருள் வேண்டாம், தகடு.
டக் என்று அவர் காதில் கேட்க வேண்டும்.
ஒலிவாங்கியைப் பிடுங்கி எறி.
கண் சொருகினால் இருக்கை அதிரட்டும்,
பீப் வேண்டாம், தோளைத் தொட்டு எழுப்புகிற மாதிரி.
முதலில் அவருக்கு. அவருக்கு மட்டும்.
பத்து நொடி வைத்துக்கொள்,
மற்றதெல்லாம் தன்னைத் தானே தின்று தீரட்டும்.
(அமிலம் பற்றியும் ஏதோ எழுதியிருக்கிறேன். படிக்க முடியவில்லை.)

"சேமிக்க இடம் இவ்வளவு மலிவு,
எல்லாத்தையும் வெச்சுக்கிட்டா என்ன?"
என்றாள் கணக்குப் பார்க்கும் ஹசிந்தா.
உப்பும்தான் மலிவு என்றேன்.
பதில் சரியில்லை என்று எனக்கே தெரிந்தது.
ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

அக்டோபரில், திரும்பி இறங்கும் வழியில்,
லா நேக்ராவுக்கு முன்பு, விடிகாலை.
கடல்மூடுபனி கண்ணாடியில் வந்து சாய்ந்த நேரம்
நொல்பெர்த்தோவின் இமைகள் நான்கு நொடி மூடின.
இருக்கை அதிர்ந்தது.
ஓரம் கட்டினார். இறங்கி டயரில் கை வைத்து நின்றார்.
எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது,
வண்டி நின்றதும் மூடி விழுந்துவிட்டதே.

திரையில் இரண்டு பொத்தான்: அழி. அனுப்பு.

அனுப்பினார்.
கீழே ஒரு வரி தட்டியிருந்தார், எழுத்துப் பிழையோடு:
தொடர்ச்சியா நாலாவது ராத்திரி.
இந்த அட்டவணையப் போட்டவர் பாக்கட்டும்.

அந்தப் பத்து நொடியை நான் பார்க்கவில்லை.
எனக்கு அனுமதி இல்லை; அப்படித்தான் வடிவமைத்திருந்தேன்.
டிசம்பரில் அட்டவணை மாறியது,
முழுதாக இல்லை, வாரத்துக்கு ஓர் இரவு.

போன வாரம் மறுபடி அவர் வண்டியில் ஏறினேன்.
கேமரா திறந்திருந்தது.
பிளாஸ்திரி அதற்கு ஒரு விரல் தள்ளி
டாஷ்போர்டில் ஒட்டியிருந்தது,
ஒரு முனை மட்டும் தூக்கிக்கொண்டு,
இழுத்தால் வந்துவிடும்படி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் எண்ணத் தொடங்கியிருந்தார்.