அங்கே வானிலை எப்படி

சாங்கியில், உள்ளே போகும்முன்,
ஒரு டிஷ்யூ தாளில் எழுதிக் கொடுத்தான் கிளமெண்ட்:
ஊழியம் என்று எழுதாதே அக்கா, வேலை என்று எழுது.
சபை என்றால் கடை.
ஜெபிக்கிறோம் என்பதற்கு, நினைத்துக்கொள்கிறோம்.
கர்த்தரை அப்பா என்று சொல்.
ஆபத்து என்றால் நான் மழை என்பேன்.
நாட்டின் பெயர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பெர்சிஸ் குனிந்து குழந்தையின் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
ஏரனுக்கு மூன்று வயது.
தன் பையில் என்ன இருக்கிறதென்று
காவலுக்கு நின்றவரிடம் உரக்கச் சொன்னான்:
ரெண்டு டைனோசர், ஒரு போர்வை,
அத்தை குடுத்த மைலோ.
அவனுக்கு யாரும் ரகசியம் சொல்லித் தரவில்லை.

பதினான்கு மாதம்.

ஈசூனில் மூன்று மணியானால் மழை.
பாலிகிளினிக் மருந்தகத்தில் நான் எண்களைக் கூப்பிடுகிறேன்.
ஈரக்குடையோடு வருகிறவர்கள் எல்லாரும்
சரியான மழை, சரியான மழை என்கிறார்கள்.
தட்டில் மாத்திரைகள் கணக்குத் தவறுகின்றன.
மறுபடி ஒன்றிலிருந்து.

ஞாயிறு ஆராதனையில் திரை இறங்கும்.
பெயரில்லாத ஒரு வரைபடம்,
முகம் மங்கலாக்கிய மூன்று பேர்.
மங்கலிலும் ஏரனின் காது எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டுக் காது.
உங்க தம்பிக்கு ஆத்துமாக்கள்மேல் எவ்வளவு பாரம்,
என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார் போதகரின் மனைவி.
எனக்கும் பாரம் உண்டு.
பதினான்கு கிலோ,
கடைசியாகத் தூக்கியபோது.

யாரிடமும் கேட்காததை
மருந்தகம் பூட்டிய பிறகு கேட்கிறேன்:
உன்னை அழைத்தார், நீ போனாய், சரி.
ஏரனை யார் அழைத்தது?
பதில் வராது. எதிர்பார்ப்பதும் இல்லை.
விளக்கை அணைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடக்கிறேன்.

மின்தூக்கியில் எதிர்வீட்டு ரோக்கையா கேட்டாள்,
தம்பி எங்கே, காணோமே.
துபாயில் வேலை என்றேன்.
மறுநாள் இறால் சம்பால் ஒரு டப்பா நிறைய.
பாலைவனத்து வெயில் பொல்லாதது என்றாள்,
இரவுத் தொழுகையில் அவன் பெயரையும் சேர்த்திருக்கிறாளாம்.
பொய்யான ஊருக்கு
உண்மையான துஆ போய்க்கொண்டிருக்கிறது.
வழி விசாரித்தாவது சேருமா?
டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாதென்று
கேக் வாங்கினேன். ஹலால் முத்திரையை
இரண்டு தடவை பார்த்து வாங்கினேன்.

நேற்றிரவு வந்தது, ஒன்பது நாளுக்குப் பிறகு:
இங்கே நல்ல மழை.
கடையை மூடிவிட்டோம்.
கவலைப்படாதே, அப்பா பார்த்துக்கொள்வார்.

குளியலறையிலிருந்து நான் வருவதற்குள்
அப்பா என் போனை எடுத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்திருந்தார்.
முப்பது வருடம் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர்.
சர்க்கரை இப்போது காலில் இறங்கியிருக்கிறது.
குறியீடெல்லாம் அவருக்கும் சொல்லியிருந்தோம்,
மறந்துவிட்டார்.
நானா என்றார்.
இந்தக் காலை வைத்துக்கொண்டு
நான் எப்படிம்மா பார்த்துக்கிறது?

விளக்கியிருக்கலாம்.
அந்த அப்பா இல்லை, இவர் வேறு என்று.
வாய் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
பிறகு சுவரைப் பிடித்து எழுந்தார்.
சட்டை மாற்றினார்.
என் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தாய்?

ஆறு வருடம் முன்பே அது காலாவதி.
அலமாரியில் தேடுங்கள் என்றேன்.

ஒவ்வொரு இழுப்பறையாக அவர் திறக்கும் சத்தம்.
வெளியே மூங்கில் கழியில் துணி நனைகிறது,
எடுக்கத் தோன்றவில்லை.
தம்பிக்கு எழுதினேன்:
அப்பா கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

ஒற்றை டிக்.
சாம்பல் நிறம்.