சாஸ் தனியாக

ஐம்பத்திரண்டு டிகிரி
என்று தொட்டியின் மேல் ஹஸ்லினா ஒட்டிய சீட்டு.
குறைந்தால் பிசினாகும்,
கூடினால் அடிப்பிடித்துக்
கடை முழுக்கக் காந்தல் வாடை.

புக்கிட் பாஞ்சாங் கடைத்தொகுதி, இரண்டாம் தளம்,
சனிக்கிழமை மாலை.
வெனிலா உருண்டையின் தலைக்கு மேல்
கரண்டியைச் சாய்த்தால்
சாக்லேட் முதலில் யோசிக்கும்,
பிறகு ஒரேயடியாக இறங்கும்,
குளிர் தொட்ட இடத்தில் தோல் போர்த்தி நிற்கும்.
அந்த ஒரு நொடிக்குத்தான்
எட்டு வெள்ளி ஐம்பது காசு.

இயந்திரம் சீட்டைத் துப்பியது.
பிரௌனி ஒன்று. வெனிலா இரண்டு உருண்டை.
சாஸ் தனியாக, சூடாக.
கரண்டி: இரண்டு.
முகவரியைப் படிக்கத் தேவையில்லை எனக்கு.
அந்த புளோக்கின் மின்தூக்கி
ஏழாம் மாடியில் ஒருமுறை இருமும்.

இரண்டாவது கரண்டி யாருக்கு என்று
அரை நிமிடம் நின்றுவிட்டேன்.
வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

இது அவர் முறை.
ஒன்றுவிட்ட சனிக்கிழமைகள்
என்றுதான் நீதிமன்றத் தாளில் இருக்கிறது.

யாழிசைக்குத் தானே ஊற்ற வேண்டும்.
வேறு யாராவது ஊற்றிவிட்டால்
எட்டு வயதின் முழு வன்மத்தோடு
அது உருகி ஓடும்வரை
தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.
அவருக்கும் இது தெரிந்திருக்கிறது.
எப்போது கவனித்தார்?

அறுபது மில்லி, கோப்பையில் கோடு உண்டு.
கோட்டைத் தாண்டினேன்.
விளிம்புவரை வந்தது, மூடி முனகியது.
வழிந்ததை வழித்து வாயில் வைத்தேன்.
முதலில் சூடுதான்.
இனிப்பு வந்து சேர நேரமாகிறது.

ஷாஹ்ரில் வந்தார், நனைந்த தலைக்கவசத்தோடு.
ஐஸ்கிரீம் ஒரு பை, சாஸ் ஒரு பை.
பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்,
இரண்டுமே கெட்டுவிடும் என்றேன்.
எனக்கே அது கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.
வெளியே மழை.
பதினொரு நிமிடம் என்றது திரை.
பிறகு எட்டு. பிறகு அங்கேயே நின்றது,
அந்தப் பெரிய சிக்னலாக இருக்கும்.
எனக்கு அடுத்த நான்கு சீட்டுகள் வந்துவிட்டன.

இரவு தொட்டியைக் கழுவும்போது
மேலாளர் கைப்பேசியை நீட்டினார்.
மூன்று நட்சத்திரம்.
சாஸ் சிந்தியிருந்தது, பையெல்லாம் பிசுபிசுப்பு.
நாளையிலிருந்து கோடு என்றால் கோடு என்றார்.
தலையாட்டினேன்.

கீழே இன்னொரு வரி இருந்தது,
மூன்று சொல்லில் இரண்டு எழுத்துப்பிழையோடு:
ஆனால் நிறைய இருந்தது.
அதை அவர் படிக்கவில்லை.

தொட்டியில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டேன்.