இரவு ஒன்றரைக்கு நேர்முகம்

முப்பத்தொன்பதாவது விண்ணப்பம் இது.
முந்திய முப்பத்தெட்டில்
இருபத்திரண்டு பேர் பதிலே போடவில்லை,
பதினைந்து பேர் வருந்தினார்கள்.
ஒருவர் மட்டும் உள்ளதைச் சொன்னார்:
காசு முடிந்துவிட்டது,
எலிகளைக்கூடக் குறைத்துவிட்டோம்.

மொன்றியலில் பிற்பகல் மூன்று மணி.
ஒட்டுசுட்டானில் கரண்ட் போய்ப்போய் வருகிறது.
ஜன்னல் கம்பியில் போனைக் கட்டியிருக்கிறேன்,
அந்த மூலையில்தான் இரண்டு கோடு சிக்னல்.
இடுப்புவரை நேர்முகத்துக்கான சட்டை,
அதற்குக் கீழே வீட்டுப் பாவாடை.

டொக்டர் நல்லா, என்கிறார் பேராசிரியர்.
நல்லநாதன் அப்பாவின் பெயர்.
பாதி போதும் அவருக்கு.

பட்டம் பெற்று ஐந்து வருடத்துக்குள், என்று விதி.
எனக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது.
இரண்டாயிரத்து ஒன்பதில் என்ன செய்தீர்கள் என்று
கேட்பார்களென ஒரு வசனம் செய்து வைத்திருந்தேன்.
கேட்கவில்லை. வசனம் வீண்.

ஆய்வேட்டை இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.

சொன்னேன். எலி. அதிர்வை அளக்கும் தட்டு.
நூற்றைந்து டெசிபல் ஓசை.
காதில் விழுந்து கழுத்துத் தசை இழுக்க
எட்டு மில்லிசெக்கன்.
பயம் என்பது பிறகுதான் வரும்,
உடம்பு முந்திக்கொள்ளும் என்று சொல்லி முடிக்கவில்லை,

வயல்பக்கம் ஒரு யானை வெடி.

திரையில் மூன்று பேரும் துள்ளினார்கள்,
அரைச் செக்கன் பிந்தி,
கடலுக்கடியால் போய்ச் சேர்ந்த சத்தத்துக்கு.
நான் அசையவில்லை.
அதைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யானைக்கு, என்றேன். கொளுத்தினது என் தம்பி.
அரிவி வெட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.
சிரித்தார்கள்.
ஓரத்துப் பெட்டிக்குள் இருந்த பெண் கேட்டாள்:
பழகிவிட்டதா?

பழகுதல் எங்கள் துறையில் ஒரு வளைகோடு,
முப்பதாவது ஓசையளவில் படுத்துவிடும்.
எலியைப் பற்றித்தான் பதில் சொன்னேன்.
அவள் கேட்டது எலியை இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

விடிய ஆறு மணிக்கு மின்னஞ்சல்.
வருந்துகிறோம் என்ற சொல்லைத் தேடினேன், இல்லை.
கூடவே ஒரு படிவம்,
காந்த ஸ்கானர் அறைக்குள் போகும் ஊழியருக்கு.

உடலில் உலோகம்: ஓம், இல்லை.
ஓம் எனில் வகை.
பொருத்திய திகதி.
பொருத்திய வைத்தியசாலை.
தயாரித்த நிறுவனம்.

இடது தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன்.
புளியங்கொட்டை அளவு.
திகதி தெரியும். காலை பத்தேகால் என்றுகூடத் தெரியும்.
மற்ற இரண்டு கட்டத்தையும் வெறுமையாய் விட்டால்
படிவம் நகர மறுக்கிறது,
சிவப்பு நட்சத்திரம் காட்டி நிற்கிறது.

தம்பி வரம்பால் வந்து கால் கழுவுகிறான்.
மேலெல்லாம் வெடிமருந்து மணம்.
கிடைச்சிட்டுதோ, என்கிறான்.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில
எக்ஸ்றே எத்தனை மணிக்குத் திறப்பாங்கள்,
என்கிறேன்.