வெரி

ஃப்ரேஸர்பரோவில் எனக்கு இது முதல் குளிர்காலம்.
பத்து வயதுப் பிள்ளைகள், இருபத்தாறு நோட்டு,
ஒரு சிவப்புப் பேனா.

'வெரி' கண்ணில் பட்டால் அடித்துவிடுவேன்.
வெரி பிக். வெரி கோல்ட். வெரி வெரி ஸாட்.
குழம்பு சப்பென்றிருந்தால்
ருசி பார்க்காமலே அள்ளிப் போடும் உப்பு அது என்றேன்.
வேறு சொல் தேடுங்கள்.

தேடினார்கள்.
ரியலி வந்தது,
சத்தியம் செய்து செய்தே
யாரும் நம்பாமல் போன சாட்சி.
டெரிப்லி வந்தது, பீதியை வாசலில் கழற்றிவிட்டு:
டெரிப்லி ஸாரி, உங்கள் காலை மிதித்துவிட்டேன்.
லிவர்பூலிலிருந்து வந்த டெஸ்மண்ட்
பள்ளிச் சாப்பாட்டை 'டெட் குட்' என்று எழுதினான்.
செத்தும் இவ்வளவு நன்றாக இருப்பது எப்படி என்று
ஓரத்தில் கேட்டேன்.
ஆஃபுலியை இந்த ஊரில் 'அஃபா' என்கிறார்கள்.
ஒருகாலத்தில் கடவுள் முன் முழங்கால் நடுங்கிய சொல்;
இப்போது ரொட்டிக் கடையில் நிற்கிறது,
அஃபா ருசி, இன்னும் இரண்டு கொடு.

க்வைட்டை நானேதான் போட்டேன்.
'க்வைட் குட்', பரவாயில்லை என்ற பொருளில்.
எண்ணெய்க் கிணற்று வேலைக்காக
ஓக்லஹோமாவிலிருந்து வந்த அம்மா
அதைப் படித்துவிட்டு மகனுக்குக் கேக் வாங்கினாள்.
நான் திருத்தவில்லை. கேக் நன்றாகத்தான் இருந்ததாம்.

மார்வென் வைஸ்மன் எழுதியிருந்தாள்:
அப்பா கடலில். கடல் வெரி ரஃப்.
அடித்தேன்.

இடைவேளையில் மேசைக்கு வந்தாள். அழவில்லை.
'மிஸ், அது என் சொல் இல்லை, ரேடியோவின் சொல்.
ரஃப் என்றால் அலை நாலு மீட்டர் வரைக்கும்.
வெரி ரஃப் என்றால் நாலிலிருந்து ஆறு.
நீங்கள் அடித்தது
இரண்டு மீட்டர் தண்ணீர்.'

அன்றிரவு ரேடியோவைத் திருகினேன்.
வைக்கிங், ஃபோர்ட்டீஸ், க்ரோமார்ட்டி.
ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை அந்தக் குரலில்,
பலசரக்குக் கடைச் சீட்டை வாசிப்பதுபோல்.
வெரி ரஃப் என்றது. மூச்சுக்கூட வாங்கவில்லை.
என் அறையின் கூரை இரண்டரை மீட்டர்.
அதன்மேல் இன்னோர் அறையை வைத்துப் பார்த்தேன்.
அதற்கும் மேலே நின்றது
நான் அடித்த சொல்.

அகராதியை எடுத்தேன்.
பிரெஞ்சு வழியாக வந்த சொல்லாம்.
வரும்போது மெய் என்பதுதான் அதன் பொருள்.
மெய்யாகவே குளிர். மெய்யாகவே இருட்டு.
எத்தனை கை மாறியதோ,
காசுபோல் முகம் தேய்ந்துவிட்டது.
கடலுக்குப் போகிறவர்கள் மட்டும்
அதை இன்னும் மீட்டர் கணக்கில் வைத்திருக்கிறார்கள்,
கூடவும் விடாமல் குறையவும் விடாமல்.

சனிக்கிழமை 'ஹார்வெஸ்ட் லில்லி' திரும்பியது,
இரண்டு நாள் தாமதமாக, ஒரு பக்கக் கம்பி வளைந்து.
துறைமுகத்தில் கில்பர்ட் வைஸ்மனிடம்
கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன்.
வீங்கிய கையை மறுகையால் பிடித்துக்கொண்டு யோசித்தார்.
'கொஞ்சம் ஆட்டம்,' என்றார்.
பிறகு, அதுவே அதிகமாகிவிட்டது என்று பட்டதுபோல,
'மோசமில்லை.'

மார்வெனின் நோட்டில்
அடித்த சொல்லின் அடியில் புள்ளி புள்ளியாக வைத்தேன்.
அச்சகத்துக் குறி அது:
கை தவறிவிட்டது, இருந்தபடியே இருக்கட்டும்.

அடுத்த நோட்டு ரூரி மட்டினுடையது.
மாமா வாங்கிய நாய்
வெரி வெரி வெரி ஃபன்னி.
இரண்டை அடித்தேன்.
மூன்றாவதன்மேல் பேனா கொஞ்சநேரம் நின்றது.
அந்த நாயை நான் பார்த்ததில்லை.